கூட்டினால் எட்டு

ஒரு போர் விமானத்தை ஐந்து மாதம் பட்டறையில் வைத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், நம் ஜனங்களிடம் மொத்தம் மூன்றே கேள்விகள்தான் இருக்கின்றன என்று. இது பறக்குமா? லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? விலைக்குத் தருவீர்களா? மூன்றாவது கேள்வியைக் கேட்ட கோழிப்பண்ணைக்காரருக்கு முழு விமானம்கூட வேண்டாம். இறக்கை இரண்டு மட்டும் போதும், கொட்டகைக்குத் தகரமாகப் போட்டுக்கொள்வாராம்.

முதல் வாரம் எல்லோருக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். இரண்டாம் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அதற்குப் பிறகு, "பறக்குங்க, ஆனா ரிவர்ஸ் விழாது" என்று சொல்ல ஆரம்பித்தேன். அதையும் நம்பித் தலையாட்டிவிட்டுப் போனார்கள். எரிச்சலில் நகைச்சுவை சொல்கிறவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

என் தொழில் லாரி டிங்கரிங். தருமபுரியிலிருந்து தொப்பூர் போகிற வழியில் சாலையோரப் பட்டறை. கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் கவிழ்கிற லாரிகளில் பாதி என்னிடம்தான் வந்து சேரும். நசுங்கிய கேபினை இழுத்து, அடித்து, பட்டி பூசித் தேய்த்து, பழைய முகத்தைக் கொண்டுவந்துவிடுவேன். கை நன்றாக இருக்கும். மனசுதான் சரியில்லை. எதற்கெடுத்தாலும் பதறுவேன். பக்கத்துக் கடையில் யாராவது தும்மினால் என் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்கிற ஜாதி நான்.

இப்படிப்பட்டவனிடம் முன்னாள் ராணுவத்தார் சங்கத்தின் செயலாளர் ஒருநாள் காலையில் வந்து நின்றார். ஓய்வுபெற்ற சுபேதார். உட்காரச் சொன்னாலும் நின்றபடியே பேசுகிறவர்.

"ஏம்ப்பா, நசுங்குனது எதுவா இருந்தாலும் நிமித்துவியாமே?"

"நிமித்துவனுங்க."

"விமானம்?"

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்து, "அதையும் நிமித்துவனுங்க" என்றேன். அந்த ஒரு 'அதையும்' இரண்டு டிரெய்லர்களில் ஏறி, உடம்பு தனி, இறக்கை தனியாக, அடுத்த மாதம் என் பட்டறை வாசலில் வந்து இறங்கியது.

விஷயம் இதுதான். பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ஒருவர் விமானப் படையில் சேர்ந்து, பாகிஸ்தானோடு நடந்த பழைய போரில் இதே மாதிரி விமானம் ஓட்டி, குடியரசுத் தலைவர் கையால் பதக்கம் வாங்கியவர். இப்போது எண்பது தாண்டி, பெங்களூரில் இருக்கிறார். அவர் பெருமைக்காக அந்த ரக விமானம் ஒன்றைப் புதுப்பித்துச் சங்கக் கட்டடத்துக்கு எதிரே மேடை கட்டி நிறுத்த வேண்டும் என்பது சுபேதாரின் வைராக்கியம். மனு மேல் மனுவாகப் போட்டு, எங்கோ புல்லுக்குள் கிடந்த ஒன்றை வாங்கிவிட்டார். அவர் ஓட்டிய அதே விமானம் எப்போதோ உடைபட்டுக் காயலான் கடைக்குப் போய்விட்டது. இது அதன் ஒன்றுவிட்ட தம்பி.

அந்தப் பெரியவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஓரங்கள் தெரியும், பார்க்கிற இடம் மட்டும் மங்கும் என்கிற வியாதி. இருக்கிற பார்வையும் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவர் சுபேதாருக்கு எழுதிய கடிதத்தை நான் படித்தேன். மாலை வேண்டாம், மேடைப் பேச்சு வேண்டாம், மூக்கில் மட்டும் என் விமானத்தின் நம்பரைப் போடச் சொல்லுங்கள், கண் இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். நம்பர் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ஆக, அந்த விமானத்தில் தகடு வேறு, ஆணி வேறு, டயர் வேறு. அவருடையது என்று இருக்கப் போவது அந்த மூன்று எண்கள்தான்.

வேலை ஆரம்பித்த முதல் நாளே நான் எஞ்சின் பக்கத்து மூடி ஒன்றை உடைத்தேன். லாரித் தகடு நல்ல மனுஷன் மாதிரி, அடித்தால் வாங்கிக்கொள்ளும். இது அலுமினியம், ஓர் அடி கூடினால் அப்பளம். உடைந்ததைச் சாக்குக்கு அடியில் மூன்று நாள் ஒளித்துவைத்தேன். சுபேதார் கண்டுபிடித்தபோது எலி என்று சொன்னேன்.

"எலி அலுமினியத்தைத் தின்னுமா?"

"எங்க பக்கத்து எலி தின்னுங்க."

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு அவர் போன் வரும். வணக்கம்கூடக் கிடையாது. "ரிப்போர்ட்" என்பார். நான் பாயில் எழுந்து உட்கார்ந்து, நேற்று எத்தனை ரிவிட் எடுத்தேன், எத்தனை அடித்தேன் என்று ஒப்பிப்பேன். புகை போகிற குழாய்க்குள் குளவிக் கூடு இருந்த அன்று, என் மூக்கு வீங்கிய விவரத்தையும் ரிப்போர்ட்டில் சேர்த்துக்கொண்டார். "இந்தப் பிளேனை நிமித்தறதுக்குள்ள நீங்க வளைஞ்சிருவீங்க" என்றாள் என் மனைவி.

வளைந்தேன், ஆனால் விமானம் நிமிர்ந்தது. மேடையில் ஏற்றி, இறக்கை பூட்டி, வெள்ளியும் சாம்பலும் கலந்த பெயிண்ட் அடித்தாயிற்று. மிச்சம் எழுத்து வேலை. அதற்கு எங்கள் பெயிண்டர் அண்ணன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி லாரிகளின் நெற்றியில் இருக்கிற 'துணை'களில் பாதி அவர் எழுதியவை. கை நடுங்காது, கோடு கோணாது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தம்பி என்றுதான் கூப்பிடுவார். நம்பரைச் சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தேன். அன்றைக்கென்று கணவாயில் ஒரு சிமென்ட் லாரி படுத்துவிட்டது, ஓடினேன். நான் திரும்பி வருவதற்குள் அண்ணன் இரண்டு பக்கமும் நம்பர் எழுதி, அதன் மேல் பேப்பர் ஒட்டி மூடிவிட்டுப் போயிருந்தார். விழாவன்றுதான் பிரிக்க வேண்டும், கண் பட்டுவிடும் என்று சொல்லியனுப்பியிருந்தார். அது ஒரு நல்ல யோசனை என்று நானும் நினைத்தேன். ஐந்து மாதம் எலி தும்மினாலும் பதறியவன், பதற வேண்டிய அந்த ஒரே இடத்தில் நிம்மதியாகத் தூங்கினேன்.

விழாவன்று காலை நானும் மனைவியும் பேப்பரைப் பிரித்தோம். அருமையான எழுத்து. அதே நேரம் ஃப்ளெக்ஸ்காரர்கள் ஒரு பேனரைக் கொண்டுவந்து இடப்பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டுப் போனார்கள். பெரியவர் வாலிப வயதில் விமானத்தின் ஏணியில் ஒரு கால் வைத்து நிற்கிற பழைய படம். அவர் தோளுக்கு மேலே விமானத்தின் நம்பர் தெளிவாக விழுந்திருந்தது.

"நல்லா இருக்குதுங்க" என்றாள் மனைவி. பிறகு, "ஏங்க, அதுல ரெண்டுன்னு இருக்குது, இதுல மூணுன்னு இருக்குது?" என்றாள்.

நான் பார்த்தேன். பேனரில் 512. விமானத்தில் 513. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபக்கம் ஓடினேன், அங்காவது சரியாக இருக்கும் என்பது போல. அங்கும் 513. அண்ணன் எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்வார்.

அவருக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். பாப்பாரப்பட்டியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. அதை முடித்துக்கொண்டு விழாவுக்கு வருவதாகச் சொன்னது ஞாபகம் வந்தது. மணி ஒன்பது. பத்தரைக்குப் பெரியவர் வருகிறார். சுபேதார் ஸ்பீக்கர்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன், வயிறு என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. திரும்பி வந்து மறுபடி இரண்டு எட்டு வைத்தேன். மறுபடி வயிறு.

மூன்றாவது முறை வந்தபோது பெரியவரின் கார் டிரைவருக்குப் போன் போட்டேன். அவன் கன்னடக்காரன். லாரிக்காரர்களோடு புழங்கியதில் எனக்கும் அந்தப் பாஷை பிடிபடும். "சார் சந்தேலி இதாரே, அவரேகாயி தகோதா இதாரே" என்றான். காரிமங்கலத்தில் அன்று சந்தை. பெரியவர் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி அவரைக்காய் வாங்கிக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் எந்தக் காய்கறிக்கும் அப்படி நன்றி சொன்னதில்லை.

இருக்கிற நேரத்தில் ஒரு பக்கமாவது மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். எந்தப் பக்கம்? இந்த இடத்தில் என் மூளை வெகு தெளிவாக வேலை செய்தது என்பதைப் பதிவு செய்கிறேன். வண்டியைப் பார்க்க வருகிற டிரைவர், டிரைவர் பக்கம்தான் முதலில் போவான். டிரைவர் பக்கம் என்பது வலப்பக்கம். ஆகவே வலப்பக்கத்தை மாற்றுவது, இடப்பக்கத்து நம்பரின் மேல் பேனரை இழுத்துக் கட்டிவிடுவது. முதலில் பேனரைக் கட்டிவிட்டு, சேசிஸுக்கு அடிக்கிற கருப்புப் பெயிண்டும் தின்னரும் எடுத்துக்கொண்டு வலப்பக்கத்து ஏணியில் ஏறினேன். மனைவி கீழே பிடித்துக்கொண்டாள்.

"ஏணிய ஆட்டாதடி."

"ஏணி ஆடல. நீங்கதான் ஆடறீங்க."

மூன்றைத் தின்னரில் துடைத்தேன். மூன்றோடு சேர்ந்து கீழே இருந்த வெள்ளியும் வந்தது. அந்த இடத்தில் ஒரு மழைமேகம் உருவாயிற்று. அதன் மேல் வெள்ளி பூசி, ஊதி, மனைவியின் முந்தானையால் விசிறி, ஈரம் காயுமுன் பிரஷை வைத்தேன். முப்பது வருஷம் லாரி நிமிர்த்திய கை. ஆனால் ஒரு 'ரெண்டு' எழுத அதற்கு எந்தத் தகுதியும் இல்லை என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. மேலே வளைந்தது, கீழே வழுக்கியது, கடைசிக் கோடு நேராகப் போகாமல் மேட்டில் ஏறுகிற மாட்டுவண்டி மாதிரி ஏறியது.

"இது ரெண்டா?" என்றாள் மனைவி.

"வேறென்ன?"

"வாத்து மாதிரி இருக்குது."

சரி செய்ய நேரமில்லை. கார் வந்துவிட்டது.

பெரியவர் இறங்கினார். ஒல்லியான உடம்பு, முதுகு மட்டும் கம்பி மாதிரி. ஒரு கையில் கைத்தடி, மறு கையில் அவரைக்காய்ப் பை. பையை வாங்க நான்கு பேர் கை நீட்டினார்கள், அவர் தரவில்லை. சுபேதார் விறைப்பாக சல்யூட் அடித்தார். நான் முன்னால் பாய்ந்து, "அய்யா, இந்தப் பக்கம் வாங்க, இந்தப் பக்கம்" என்று வலப்பக்கமாக வழி காட்டினேன். பதிலுக்கு ஒரு புன்னகை கிடைத்தது. அவர் நேராக இடப்பக்கம் நடந்தார்.

"அய்யா, டிரைவர் பக்கம் இதுங்க" என்றேன், ஏறக்குறைய அழுகிற குரலில்.

"லாரிக்கு," என்றார் அவர் நடந்துகொண்டே. "இதுல எடப்பக்கந்தான் ஏறோணும். குதிரையில ஏறற மாதிரி."

பேனரில் இருந்த படத்திலும் அவர் இடப்பக்கத்து ஏணியில்தான் கால் வைத்திருந்தார். ஆள் உயரத்துக்கு இருந்த அந்தப் படத்தைக் காலையிலிருந்து இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

பேனருக்கு முன்னால் நின்று அவர், "இதென்ன, சீல கட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அது ஏதோ திறப்பு விழா ஏற்பாடு என்று நினைத்த சுபேதார், பெருமையோடு கயிற்றைப் பிடித்து இழுத்தார். பேனர் விழுந்தது.

பெரியவர் கிட்டே போனார். ஒரு சாண் தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய், கோழி பார்ப்பது போலத் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். ஐந்து. நகர்ந்தார். ஒன்று. நகர்ந்தார். அங்கே நின்றுவிட்டார். கையை வைத்துத் தடவினார். மறுபடி பார்த்தார்.

"எனக்குக் கண்ணு தெரியலையா, இல்ல இது மூணா?" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. தன் கண்ணின் மேல்தான் சந்தேகப்பட்டார். ஐந்து மாதத்தில் நான் பட்ட எரிச்சல் எல்லாம் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் எங்கே போய் ஒளிந்தது என்று தெரியவில்லை. "மூணுதானுங்க அய்யா. உங்க கண்ணு சரியாத்தான் இருக்குது. தப்பு எங்களுது" என்றேன். சுபேதார் என்னைப் பார்த்த பார்வையில் என் சட்டைப் பொத்தான்கள் கழன்றிருக்க வேண்டும்.

அப்போதுதான் பெயிண்டர் அண்ணன் வந்தார். பட்டு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், வாயில் காதுகுத்து வீட்டு வெற்றிலை. விழாவில் சால்வை போர்த்துவார்கள் என்று தோளைக்கூடக் காலியாக வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"யோவ், என்னா நம்பர்யா எழுதுன?" என்றார் சுபேதார்.

அண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, நிதானமாகச் சொன்னார். "தெரிஞ்சுதான் எழுதுனேனுங்க. அஞ்சும் ஒண்ணும் ரெண்டும் கூட்டுனா எட்டு வருதுங்க."

எங்கள் சாலையில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கூட்டினால் எட்டு வருகிற நம்பரை எந்த லாரிக்காரனும் வாங்கமாட்டான். ஒன்பது வந்தால் ராசி என்று கோயிலுக்குப் போவான். சுபேதார் வட இந்தியாவிலேயே காலம் கழித்தவர், அவருக்குத்தான் புரியவில்லை. "எட்டு வந்தா என்னாய்யா? நம்பரை மாத்துவியா? உன் லாரி நம்பர மாத்தி எழுதுவியா?"

"லாரிக்கு ஆர்.சி. புக் இருக்குதுங்க. மாத்துனா போலீசு புடிப்பான். இதுக்கு ஆர்.சி. இல்ல, எப்.சி. இல்ல. ஓடற வண்டியும் இல்ல. யாருக்கு நட்டம்னு ஒண்ணக் கூட்டிப் போட்டேன்." அண்ணன் பெரியவர் பக்கம் திரும்பினார். "எந்தம்பி வண்டி நம்பரு எட்டுதானுங்க அய்யா. வேணாம்டான்னேன், கேக்கல. தொப்பூர்லதான் போனான். நீங்க அந்த எட்டுல போய் உசுரோட வந்ததே பெருசு. இனிமேலும் அது எதுக்குங்க உங்களுக்கு?"

அந்தத் தம்பியின் வண்டியும் என் பட்டறைக்குத்தான் வந்தது. நிமிர்த்த முடியாமல் திருப்பி அனுப்பிய சில வண்டிகளில் அது ஒன்று. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சீட்டை அவர் சட்டைப் பையில் வைக்கும்போதாவது ஒரு தடவை கூட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அண்ணன் குரல் வந்த திக்கில் திரும்பினார். "எட்டா?" என்றார். "இத்தன வருசமா எனக்கு இது தெரியாதே. தெரிஞ்சிருந்தா ஏறியே இருக்கமாட்டனே." சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "எங்கூடப் பக்கத்துலயே ஒருத்தன் பறந்தான். பஞ்சாபிப் பையன். நல்லா சாப்புடுவான். அவன் வண்டி நம்பரு ஐந்நூத்தி நாலு. கூட்டு."

அண்ணன் விரல் மடக்கினார். "ஒம்போதுங்க."

"அவன் திரும்பி வரல."

அண்ணன் மடக்கிய விரல்களை விரிக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுதுப்பா," என்றார் பெரியவர். "கண்ணு இருக்கறப்பவே எழுது. நான் பாக்கறேன்."

நாற்காலி வந்தது. பெரியவர் அவரைக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி ஏணியில் ஏறினார். மூன்று தானாகக் கரைந்தது போல மேகமே இல்லாமல் மறைந்தது. சாக்பீஸில் இரண்டு கோடு, கையைத் தாங்க ஒரு குச்சி. சிறப்பு விருந்தினர் ஒருவர் மேடையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுபேதார் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெரியவர் நாற்காலியை இழுத்து இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, எங்கே தெரிகிறதோ அந்த ஓரத்திலிருந்து, அந்த 'ரெண்டு' மேலே வளைந்து, கீழே இறங்கி, கோடாக முடிகிறவரை பார்த்தார். அண்ணன் பிரஷை எடுத்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் இறங்கியதும் செய்த முதல் காரியம், இடுப்பிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து முன்சக்கரத்தில் கட்டியது. காதுகுத்து வீட்டில் கொடுத்ததாம். "அது எதுக்கு?" என்று சுபேதார் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

கதை அங்கே முடிந்திருந்தால் எனக்கு மரியாதை. பெரியவர் எழுந்து, "அந்தப் பக்கம்?" என்றார். நான் தடுப்பதற்குள் விமானத்தின் மூக்கைச் சுற்றி வலப்பக்கம் போய்விட்டார். முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். பார்வை போதவில்லை, கையை வைத்தார். என் 'ரெண்டு' இன்னும் காயவில்லை.

கையை எடுத்து விரல்களைப் பார்த்தார். நான்கும் கருப்பு. "இது யாரு எழுதுனது?"

"நானுங்க அய்யா" என்றேன்.

அவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். "ஆடிக்கிட்டே எழுதுனியா?"

"ஆமாங்க."

"தெரியுது," என்றார். "நானும் அப்படித்தான் ஓட்டுனேன்." கைத்துண்டு நீட்டினார்கள், துடைத்துக்கொள்ளவில்லை. அந்த விரல்களோடேயே சால்வை வாங்கினார், அந்த விரல்களோடேயே காரில் ஏறினார். அவரைக்காய்ப் பையின் காதிலும் கருப்பு ஒட்டியிருந்தது.

அண்ணன் அன்றைக்கே வலப்பக்கத்தை அழித்து எழுதுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பெரியவரின் நான்கு விரலும் அதில் இழுபட்டிருக்கின்றன, அது அப்படியே இருக்கட்டும் என்று. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு போனார். இப்போதும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சைக்கிளில் இருந்தபடியே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இடப்பக்கம் வந்தால் மட்டும் மெதுவாக மிதிக்கிறார்.

சுபேதார் காலை ஆறு மணிக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டார். நான் ஆறு மணிக்கு எழுந்து உட்கார்வதை நிறுத்த முடியவில்லை.

போன வாரம் மனைவியோடு பஸ்ஸில் அந்த வழியாக வந்தேன். வலப்பக்கம் தெரிந்தது. அவள் ஜன்னலில் தலையை நீட்டி, அது மறைகிறவரை பார்த்தாள்.

"வாத்துதான்," என்றாள்.